கையை விட்டால் விழுந்துவிடுவானா?

கேள்வி: என் தம்பிக்கு 43 வயது. டவுன் சின்ட்ரோமோடு பிறந்தவன். தன் வேலைகளைப் பெரும்பாலும் தானே செய்துகொள்வான். கடந்த எட்டு மாதங்களில் மூன்று முறை விழுந்துவிட்டான். முதல் முறை காலையில், குளியலறை வாசலில். இரண்டாவது, வெளிவாசல் படியில் இறங்கும்போது. அதுவும் காலை நேரம்தான். மூன்றாவது முறை கூடத்தில் நடந்துகொண்டிருந்தவனை நான் பின்னாலிருந்து கூப்பிட்டேன், திரும்பும்போதே சரிந்துவிட்டான். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து, போன வாரம்தான் கட்டுப் பிரித்தார்கள். தைராய்டுக்கு ஒரு மாத்திரை, ஓராண்டாக இரவில் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறான். வலிப்பு கிடையாது. இப்போதெல்லாம் எங்கே போனாலும் நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன். அம்மா, "இனிமேல் அவனை உட்கார வைத்தே பார்த்துக்கொள்வோம்" என்கிறார். சமநிலைப் பயிற்சி கொடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஒரு காலில் நில் என்றால் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறவனுக்கு அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? சொல்லிக்கொடுத்தால் வருமா?

பதில்:

வரும். ஒரு காலில் நிற்கச் சொன்னால் உட்கார்ந்துவிடுகிறார் என்பதை வைத்து அவருக்கு வராது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எதற்காக நிற்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. காரணமே இல்லாமல் ஒரு காலில் நிற்கச் சொன்னால் நானும் உட்கார்ந்துதான் விடுவேன். அதே தம்பி கால்சட்டை மாட்டும்போது சுவரில் ஒரு கையை ஊன்றி ஒரு காலைத் தூக்குகிறாரா இல்லையா, நாளைக்குப் பாருங்கள். தூக்கினால், ஒரு காலில் நிற்கத் தெரிந்தவர்தான்.

பயிற்சிக்குப் போவதற்கு முன் உங்கள் கையைப் பற்றிப் பேச வேண்டும்.

நாம் அசையாமல் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. கண் பார்ப்பது, உள்காது உணர்வது, பாதமும் கணுக்காலும் அனுப்பும் செய்தி, இந்த மூன்றையும் வைத்து மூளை அந்த ஆட்டத்தை நொடிக்கு நொடி சரிசெய்கிறது. சின்ன ஆட்டம் என்றால் கணுக்காலை இறுக்கியே சமாளித்துவிடும். கொஞ்சம் பெரிதென்றால் இடுப்பு வளையும். அதற்கும் அடங்காவிட்டால் கால் சட்டென்று ஓர் அடி எடுத்து வைக்கும். தடுமாறித் தப்பித்தவருக்கும் தரையில் கிடப்பவருக்கும் பெரும்பாலும் அந்த ஓர் அடிதான் வித்தியாசம். நீங்கள் கையைப் பிடித்திருக்கும்போது ஆட்டம் அந்த அளவுக்கு வளர்வதே இல்லை, உங்கள் தோள் அதை வாங்கிக்கொள்கிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால், அந்த அடியை எடுக்க வேண்டிய தேவையே அவர் காலுக்கு வராது. பழக்கம் விட்டுப்போகும். ஒருநாள் நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது அந்த அடி தாமதமாக வரும், அல்லது வராது.

இன்னொன்று. கோத்துப் பிடித்த கை, விழும்போது ஊன்ற முடியாத கை. அவர் சரிந்தால் உங்களையும் சேர்த்து இழுப்பார், நீங்கள் இழுத்துப் பிடித்தால் அவர் தோள் மூட்டு நழுவலாம். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு மூட்டுகளைக் கட்டிவைக்கும் தசைநார்கள் பிறவியிலேயே தளர்வானவை.

அதற்காக நாளைக்கே கையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஈரத்தரையில், கூட்டத்தில், சாலையில் பிடியுங்கள். ஆனால் ஒரு நாளில் அரை மணி நேரமாவது, விழுந்தாலும் அடிபடாத ஓர் இடத்தில், யாரும் பிடிக்காமல் அவர் தடுமாற வேண்டும். நீங்கள் கேட்கும் பயிற்சி அவ்வளவுதான். தடுமாறாமல் சமநிலை கற்க முடியாது. நீச்சலைக் கரையில் உட்கார்ந்து கற்க முடியாதது மாதிரி.

சரி, இப்போது அந்த மூன்று விழுகைகள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி அதுதான். பலர் "அடிக்கடி விழுகிறார்" என்று மட்டும் எழுதுவார்கள். நீங்கள் இடமும் நேரமும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே மாதிரி விழுகைகள் அல்ல.

முதல் இரண்டும் காலையில் நடந்தவை. இரவு தூக்க மாத்திரை ஓராண்டாக, விழுவது எட்டு மாதமாக. நான் குற்றம்சாட்டவில்லை, சந்தேகப்படுகிறேன். தூக்க மாத்திரைகளில் பலவும் விடிந்த பிறகும் உடம்பில் மிச்சமிருக்கும், கால் எதிர்வினையை மந்தமாக்கும். இதோடு ஒரு கேள்வி: தம்பி சத்தமாகக் குறட்டை விடுகிறாரா? நடுவில் மூச்சு நின்று, திணறி மறுபடி தொடங்குகிறதா? தூக்கத்தில் மூச்சு தடைபடும் இந்தப் பிரச்சினை டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களிடம் மிகவும் பரவலாக உண்டு. தூக்கம் சரியில்லை என்று மாத்திரை தொடங்கப்பட்டு, தூக்கம் கெடக் காரணமே மூச்சுத் தடைதான் என்றால், சில தூக்க மாத்திரைகள் அதை இன்னும் மோசமாக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் மூன்று விழுகைகளின் தேதியையும் நேரத்தையும் காட்டி, இது இன்னும் தேவையா என்று கேளுங்கள். அப்போதே படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், காலையில் படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். "தலை சுற்றுகிறது" என்று அவருக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம்.

குளியலறை வாசல் என்றதும் எல்லோரும் வழுக்கல் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது உள்ளே அல்ல, வாசலில். வாசலில் என்றால் நிலைப்படியில் கால் இடறியிருக்கலாம், அல்லது சிறுநீர் அவசரத்தில் ஓடியிருக்கலாம். அவசரம் என்றால் அதற்கு வைத்தியம் வேறு: எழுந்ததும் படுக்கையிலேயே கொஞ்சம் உட்கார்ந்து, அவசரம் முட்டும் முன்பே கழிப்பறைக்குப் போகிற பழக்கம்.

படியில் இறங்கும்போது விழுந்ததற்குக் கண்ணையும் தொடையையும் பார்ப்பேன். படி இறங்கும்போது மேலே நிற்கிற காலின் தொடைத் தசை, உடம்பின் முழு எடையையும் தாங்கியபடி மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்க வேண்டும். ஏறுவதைவிட இது நுணுக்கமான வேலை. அந்தத் தசை வலுவில்லாவிட்டால் கீழே வைக்கிற கால் தொப்பென்று விழும். கண்ணைப் பொறுத்தவரை, டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கண்புரை மற்றவர்களைவிட முன்னதாகவே வரும், ஆழத்தைக் கணிக்கும் திறனும் பலருக்குக் குறைவு. படியும் தரையும் ஒரே நிறமாக இருந்தால் விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. படி விளிம்பில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு ஒட்டு டேப்பை இன்றைக்கே ஒட்டிவிடுங்கள். கண் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள்? ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால் போய்வாருங்கள். அவர் அணிவது தூரத்துக்கும் வாசிப்புக்கும் சேர்த்த பைஃபோகல் கண்ணாடி என்றால் அதன் கீழ்ப்பாதி வழியாகத்தான் படியைப் பார்க்கிறார். அந்தப் பாதி வாசிப்பதற்கானது, படி அதில் மங்கலாகத்தான் தெரியும்.

மூன்றாவது விழுகைதான் எனக்குச் சுவாரஸ்யமானது. நடந்துகொண்டிருந்தார், நீங்கள் கூப்பிட்டீர்கள், திரும்பினார், சரிந்தார். இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடந்திருக்கிறது: கவனம் காலிலிருந்து காதுக்குப் போனது, உடம்பு திசை மாறியது. 1997இல் சுவீடனில் முதியவர்களிடம் ஓர் எளிய விஷயத்தைக் கவனித்தார்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால், பதில் சொல்வதற்காக நின்றுவிடுகிறவர்கள் பின்னர் விழுவது அதிகமாக இருந்தது. நடப்பதற்கே கவனம் முழுவதையும் செலவழிக்கிறவரிடம் பேச்சுக்கு மிச்சம் இருப்பதில்லை. உங்கள் தம்பி நின்றுவிட்டுத் திரும்பியிருந்தால் விழாமல் இருந்திருக்கலாம். ஆகவே இன்று முதல் வீட்டில் ஒரு விதி: நடக்கிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அவர் பார்வைக்கு முன்னால் வந்து பேசுங்கள். காது கேட்பதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாதவர்தான் வெடுக்கென்று சுழல்வார்.

பயிற்சி தொடங்கும் முன் இரண்டு விஷயங்களில் அசட்டை கூடாது. ஒன்று, கழுத்து. டவுன் சின்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்பு தளர்வாக இருக்கும். கழுத்து வலி, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருப்பது, கையில் பலம் குறைவது, நடையில் புதிதாக விறைப்பு அல்லது தள்ளாட்டம், புதிதாகச் சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, இவற்றில் எதைக் கண்டாலும் பயிற்சியை மறந்துவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும் குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, கழுத்தை அழுத்தி மடக்குவது போன்றவை வேண்டாம்.

இரண்டாவதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். நன்றாக நடந்துகொண்டிருந்த நாற்பது வயதுக்காரர் எட்டு மாதத்தில் மூன்று முறை விழுகிறார் என்றால், என்ன மாறியது என்று கேட்க வேண்டும். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு 40 வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லோர் மூளையிலும் அல்சைமர் என்னும் மறதி நோயின் மாற்றங்கள் ஆரம்பித்திருக்கும். அறிகுறி தெரிவது பெரும்பாலும் ஐம்பதுகளில், சிலருக்குக் கொஞ்சம் முன்பு. பழகிய வேலையின் வரிசையை மறப்பது, பிடித்ததில் ஆர்வம் போவது, தரையில் நிறம் மாறும் இடத்தில் கால் வைக்கத் தயங்குவது, இப்படி ஏதாவது உண்டா? இருந்தாலும் உடனே அந்த முடிவுக்குத் தாவ வேண்டாம். தைராய்டு அளவு சரியில்லாமல் இருப்பது, மனச்சோர்வு, காது கேளாமை எல்லாமே இதே மாதிரி தோன்றும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தைராய்டு ரத்தப் பரிசோதனையை இப்போது ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

செருப்பைப் பற்றி ஒரே வரி: குதிகாலைக் கவ்விப் பிடிக்காத எதுவும் வேண்டாம்.

இப்போது பயிற்சிக்கு வருவோம்.

"ஒரு காலில் நில்", "எடையை வலது காலுக்கு மாற்று", "பேலன்ஸ் பண்ணு" என்பதெல்லாம் உடம்பைப் பற்றிய கட்டளைகள். புத்திக்கூர்மை உள்ளவர்களுக்கே அவை குழப்பம்தான். அவருடைய கவனம் உடம்பில் இல்லாமல் ஒரு பொருளில் இருக்கட்டும். தரையில் ஒரு சிவப்புக் காகிதத்தை ஒட்டி "இதைக் காலால் தொடு" என்றால், தொடுகிற நேரம் முழுக்க அவர் மற்றக் காலில்தான் நிற்கிறார். "ஒரு காலில் நில்" என்று நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை.

முதலில் செய்துகாட்டுங்கள், பிறகு சொல்லுங்கள். எதிரே நின்று காட்டினால் வலது இடது குழம்பும், அவருக்குப் பக்கத்தில் அதே திசையைப் பார்த்து நின்று செய்யுங்கள். ஒரு செயலுக்கு ஒரே ஒரு சொல்: "எழு", "தொடு", "திரும்பு". தினமும் அதே சொல். சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பத்துதான் குடும்பத்தாருக்குக் கடினம். அவர் கேட்டதை வாங்கி, காலுக்கு அனுப்ப நேரம் தேவை. மூன்றாவது நொடியில் நீங்கள் மறுபடி "தொடுடா, தொடு" என்றால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நான் பார்த்தவர்களில் "சொன்னது புரியாது" என்று அழைத்துவரப்பட்ட பலர், வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால் செய்துவிட்டார்கள்.

தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே பாட்டு. எந்தப் பாட்டு என்று அவர் தேர்ந்தெடுக்கட்டும். வேண்டாம் என்று அவர் சொல்கிற நாளில் விட்டுவிடுங்கள். அவர் வளர்ந்த மனிதர், பயிற்சி அவருடையது.

இடம்: சுவர் மூலை. இரண்டு சுவர்களும் சேரும் மூலைக்கு முதுகைக் காட்டி நிற்க வைத்து, முன்னால் கனமான நாற்காலி ஒன்றை, முதுகுப் பக்கம் அவரைப் பார்த்திருக்குமாறு வையுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஏதோ ஒன்று தாங்கும். நீங்கள் எட்டிப் பிடிக்கும் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். பிடிக்க வேண்டியிருந்தால் கையை அல்ல, இடுப்பைப் பிடியுங்கள். இடுப்பில் ஒரு அகலமான பெல்ட் கட்டிவிட்டால் உங்களுக்குப் பிடி கிடைக்கும்.

எதில் தொடங்குவது? உட்கார்ந்து எழுவதில். கைப்பிடி இல்லாத நாற்காலியை மூலைக்கு வெளியே, சுவரை ஒட்டிப் போடுங்கள். கையை ஊன்றாமல் எழ வேண்டும். அவர் மணிக்கட்டு இன்னும் எடை தாங்கும் நிலைக்கு வரவில்லை என்பதால் இது இரட்டிப்புப் பொருத்தம். "எழு" என்பதற்குப் பதில், எழுந்தால்தான் எட்டுகிற உயரத்தில் ஒரு பந்தை நீட்டுங்கள். எழுந்து வாங்கட்டும், உட்கார்ந்து திருப்பிக் கொடுக்கட்டும். உட்காரும்போது மெதுவாக, சத்தம் வராமல். அந்த மெதுவான இறக்கத்தில்தான் படியிறங்கும் தொடைத் தசை வளர்கிறது. ஐந்தில் தொடங்குங்கள், சில வாரங்களில் பத்து, அப்புறம் இரண்டு சுற்று. எளிதாகிவிட்டால் கொஞ்சம் தாழ்வான நாற்காலி.

அடுத்தது மூலையில் நிற்பது. பாதங்களைச் சேர்த்து நின்றபடி பந்து வாங்கிக் கொடுப்பது. முதலில் நெஞ்சுக்கு நேராக, பிறகு பக்கவாட்டில், பிறகு தாழ்வாக, கடைசியில் தலைக்கு மேல். கையை முன்னே நீட்டுவதற்கு ஒரு கணம் முன்பே நம் கால் தசைகள் உடம்பைத் தயார்படுத்திவிடும். பந்து அந்தத் தயாரிப்பைத்தான் பழக்குகிறது. இது சுலபமானால் ஒரு பாதத்தை மற்றதற்கு அரைப் பாதம் முன்னால் வைத்து நிற்கட்டும். அதற்கும் பல வாரங்கள் கழித்து ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மற்றது. அவருக்குத் துணை வேண்டுமென்றால் நாற்காலி முதுகை முழுக் கையால், பிறகு இரண்டு விரலால், பிறகு ஒரு விரலால் மட்டும் தொட்டு நிற்கச் சொல்லுங்கள். ஒரு விரல்நுனி பட்டிருந்தாலே உடம்பின் ஆட்டம் குறையும், எடையை அது தாங்காவிட்டாலும். மூளைக்கு அது ஒரு செய்தி. நீங்கள் கையைப் பிடிப்பதிலிருந்து விடுபடும் வழியும் இதுதான்.

மூன்றாவது, அடி எடுத்து வைப்பது. மூலையை விட்டு வெளியே வந்து, அவர் நிற்கும் இடத்தைச் சுற்றி முன்னால், பின்னால், வலம், இடம் என நாலு நிறக் காகிதங்களைத் தரையில் அழுத்தமாக ஒட்டுங்கள். நழுவக் கூடாது. நிறத்தின் பெயரைச் சொல்லி, அல்லது அதே நிற அட்டையைக் காட்டி, அந்தக் காகிதத்தில் கால் வைத்துத் திரும்ப வரச் செய்யுங்கள். முதலில் மெதுவாக. பழகியதும் எதிர்பாராத வரிசையில், வேகமாக. நான் மேலே சொன்ன "அந்த ஓர் அடி" இதுதான். பின்னால் வைக்கும் அடிக்கும் பக்கவாட்டு அடிக்கும் அதிக நேரம் கொடுங்கள். முன்னால் அடி வைப்பது நடக்கிற எல்லோருக்கும் தினமும் கிடைக்கிற பயிற்சி, மற்ற இரண்டும் அப்படியில்லை. தோளில் தள்ளிவிட்டு எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்க்கிற வேலையை வீட்டில் செய்யாதீர்கள், அதைத் தெரிந்தவர்கள் செய்யட்டும்.

திரும்புவது தனி. மூன்றாவது விழுகைக்கு இதுதான் பதில். இரண்டு நாற்காலிகளை மூன்று மீட்டர் இடைவெளியில் போட்டு, ஒன்றிலிருந்து எழுந்து நடந்து, மற்றதைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரட்டும். ஒரே காலில் சுழலாமல் சின்னச் சின்ன அடிகளாகத் திரும்பப் பழக்குங்கள். கடிகார முள் மாதிரி தரையில் சில கோடுகள் ஒட்டிவிட்டால் சொல்லவே தேவையில்லை. இது நன்றாக வந்த பிறகு, நடக்கும்போதே கையில் ஒரு டம்ளர் தண்ணீர், அல்லது அவருக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைப் பற்றி ஒரு கேள்வி. கவனத்தைப் பங்கு போடப் பழகுவது இங்கேதான். இதை முதல் மாதத்திலேயே தொடங்கிவிடாதீர்கள்.

படிக்குப் பயிற்சி படியில்தான். ஒரே ஒரு தாழ்வான படி, பக்கத்தில் கைப்பிடி. ஏறி, இறங்கி, மறுபடி. இறங்கும்போது குதிகால் தரையைத் தொடும் சத்தம் கேட்கக் கூடாது என்பதை ஒரு விளையாட்டாக்கலாம்.

கால்களை அகற்றி வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நடக்கிறாரா? "நேராக நட" என்று அதைத் திருத்தப் போகாதீர்கள். தட்டையான பாதத்துக்கும் தளர்ந்த மூட்டுக்கும் அவர் உடம்பே கண்டுபிடித்த ஏற்பாடு அது. அழகான நடையெல்லாம் நமக்கு வேண்டாம், விழாத நடை போதும்.

எவ்வளவு நேரம், எவ்வளவு நாள்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் உடற்பயிற்சி, விழுகைகளின் எண்ணிக்கையை ஏறக்குறைய 23 சதவீதம் குறைத்திருந்தது. உட்கார்ந்தே செய்யும் பயிற்சியோ வெறும் நடையோ அல்ல, நிற்பதைச் சவாலாக்கும் பயிற்சிகள்தான் அதில் முன்னிலையில் நின்றன. வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது செய்தவர்களுக்குப் பலன் அதிகம் என்று வேறு தொகுப்புகள் காட்டுகின்றன. அவர்கள் பொதுவான முதியவர்கள். உங்கள் தம்பியைப் போல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு, அளவில் சிறியவை. ஆனால் பயிற்சியால் அவர்களுடைய கால் வலுவும் சமநிலையும் முன்னேறுவதை அவையும் பெரும்பாலும் காட்டுகின்றன. பொதுவாக 65 வயதுக்கு மேல் மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் நாற்பது ஐம்பது வயதிலேயே அந்த அளவை எட்டிவிடுகிறார்கள். அதனால் 43 வயது சீக்கிரம் என்று நினைக்க வேண்டாம்.

வாரத்துக்கு மூன்று மணி நேரம் என்றதும் மலைக்காதீர்கள். காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம், ஆறு நாள். காலைப் பயிற்சியை, மாத்திரை மயக்கம் தெளிந்த பிறகு. முதல் நாளே ஐந்து முறை உட்கார்ந்து எழ எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். முதியவர்களுக்கு 15 நொடிக்கு மேல் போனால் நாங்கள் எச்சரிக்கையாவோம். உங்கள் தம்பியை யாரோடும் ஒப்பிட வேண்டாம், போன மாதத்து அவரோடு ஒப்பிடுங்கள். எட்டு, பத்து வாரங்களில் நொடி குறையத் தொடங்க வேண்டும். பயிற்சியை நிறுத்தினால் பலனும் மெல்லக் கரைந்துவிடும் என்பதால், இது சிகிச்சை மாதிரி முடித்துவிடக் கூடியதல்ல, பல் தேய்ப்பது மாதிரி. தொடக்கத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்து அவருக்கு ஏற்ற கடினத்தை நிர்ணயிப்பது நல்லது. மணிக்கட்டில் எப்போது எடை கொடுக்கலாம் என்பதை எலும்பு மருத்துவர் சொல்லட்டும்.

அம்மாவிடம் என்ன சொல்வது? அவர் பயம் நியாயமானது. மகன் எலும்பு முறிந்து கிடந்ததைப் பார்த்தவர். ஆனால் உட்கார வைத்தால் விழுகை குறைவது கொஞ்ச நாளைக்குத்தான். உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு வாரமும் தொடை மெலியும், எடை தாங்காத எலும்பும் வலுவிழக்கும். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு எலும்பின் அடர்த்தி ஏற்கெனவே குறைவாக இருப்பது சகஜம். அப்புறம் கழிப்பறைக்கு நடக்கிற பத்து அடியில் விழுவார், இந்த முறை இடுப்பு முறியலாம். நின்ற உயரத்திலிருந்து விழுந்தே 43 வயதில் எலும்பு முறிந்திருப்பதால், அடர்த்திப் பரிசோதனையும் வைட்டமின் டி பரிசோதனையும் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பயிற்சியின்போது பந்தை நீட்டுகிற வேலையை அம்மாவிடமே கொடுத்துப் பாருங்கள். தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்குத்தான் பயம் அதிகம்.

கடைசியாக, மறுபடி விழுந்தால். பயிற்சி செய்கிறவர்களும் விழுவார்கள். ஓடிப்போய் அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். அப்படியே கிடக்க விட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "வலிக்கிறதா?" என்று கேட்டால் பலர் இல்லை என்றே சொல்வார்கள், உங்களைச் சமாதானப்படுத்த. அதனால் வாயை நம்பாமல் உடம்பைப் பாருங்கள்: ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ இருக்கிறதா, எங்காவது தொட்டால் முகம் சுருங்குகிறதா, கழுத்தை அசைக்கத் தயங்குகிறாரா. இருந்தால் அசைக்காமல் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டு வாந்தி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான தூக்கம் வந்தாலும் அப்படியே. ஒன்றும் இல்லையென்றாலும் அடுத்த இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். நடக்க மறுப்பது, சாப்பிட மறுப்பது, காரணமில்லாத கோபம் எல்லாம் சொல்லத் தெரியாத வலியாக இருக்கலாம். இடுப்பு எலும்பில் கீறலோடு நாலு நாள் "அடம்" என்று பெயர் வாங்கியவரை நான் பார்த்திருக்கிறேன்.

அடியில்லை என்றால், தானே எழும் வழியை விழாத நாளிலேயே பழக்கிவிடுங்கள், அதுவும் கடைசிக் கட்டத்திலிருந்து பின்னோக்கி. முதல் வாரம் நாற்காலியிலிருந்து எழுவது மட்டும். அடுத்து, தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, நாற்காலி இருக்கையில் முழங்கையை வைத்து எழுவது. அப்புறம் இரண்டு முழங்காலில் இருந்து. கடைசியாகத்தான் தரையில் ஒருக்களித்துப் படுத்த நிலையிலிருந்து. இப்படிப் பழகினால் ஒவ்வொரு நாளும் அவர் முடிப்பது, ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த கட்டத்தில். முழங்காலுக்குக் கீழே மடித்த துணி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இடது மணிக்கட்டுக்கு அனுமதி கிடைக்கும்வரை முழங்கையாலும் வலது கையாலும்தான் ஊன்ற வேண்டும்.